அம்மா தேறிவிட்டார், மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. போன வருடம் மனச்சோர்வு வந்து சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குறைந்துபோனது. மனநல மருத்துவர் காலையில் எசிடலோபிராம் 10 மி.கி., இரவில் குளோனஸிபாம் 0.5 மி.கி. எழுதிக்கொடுத்தார். மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார், இப்போது பழையபடி இருக்கிறார். "இதெல்லாம் தூக்க மாத்திரை, பழகிவிட்டால் விடவே முடியாது" என்று உறவினர்கள் பயமுறுத்தியதால், இரண்டு நாள் எதையும் போடாமல் இருந்து பார்த்தார். தலைசுற்றல்தான் வந்தது. பிபிக்கும் மூட்டு வலிக்கும் தனியாக மாத்திரை உண்டு. நிறுத்தலாமா?

பதில்: இப்போது வேண்டாம், திடீரென்று எப்போதுமே வேண்டாம். இதுவரை மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கவில்லை என்றால் மருத்துவருக்கு இன்றே போன் செய்து கேளுங்கள்.

உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அது வேறு மாத்திரைக்குப் பொருந்தும். எசிடலோபிராம் தூக்க மாத்திரை இல்லை, மனச்சோர்வுக்கான மாத்திரை. நாளாக நாளாக அளவைக் கூட்டச் சொல்லி மனம் கேட்காது. பழக்கமாகக்கூடியது இரவில் போடும் குளோனஸிபாம். எசிடலோபிராம் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதல் சில நாளில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். அந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் குளோனஸிபாமைச் சேர்த்துத் தருவார்கள். பிறகு அதைக் குறைக்க மறந்து, அதே சீட்டில் மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பது நம் ஊரில் சகஜம். வயதானவர்களுக்கு அதனால் தள்ளாட்டம், மறதி, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது வரை போகலாம். ஆகவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைக் குறைப்பது பற்றித்தான். அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், சட்டென்று விட்டால் வலிப்பு வர வாய்ப்புண்டு.

சரி, தலைசுற்றல் ஏன் வந்தது? எசிடலோபிராம் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும், முதியவர்களுக்கு இன்னும் கூடுதலாக. அளவு இறங்கும்போது தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், விசித்திரக் கனவு, தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஒரு உணர்வு வரலாம். நோய் திரும்பிவிட்டது என்று இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் வாரக்கணக்கில் மெதுவாகத் திரும்பும். மருந்தை விட்டதால் வரும் தொல்லை சில நாளிலேயே வரும், மறுபடி ஆரம்பித்தால் சீக்கிரமே அடங்கும்.

உங்கள் அம்மா விஷயத்தில் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பிபி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்று ஏதாவது இருக்கிறதா? இவை சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள். எசிடலோபிராமோடு சேரும்போது, முக்கியமாக வயதான பெண்களுக்கு, ரத்தத்தில் சோடியம் குறையலாம். அசதி, தலைவலி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்று அது தெரியவரும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சோடியம் பார்ப்பது எந்த லேபிலும் செய்யும் சாதாரண ரத்தப் பரிசோதனைதான். மருந்து ஆரம்பித்த பிறகு பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

மூட்டு வலி மாத்திரையைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எதுவானாலும் எசிடலோபிராமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது. மலம் தார் போலக் கறுத்துப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாதாரண வலிக்கு, கல்லீரலில் கோளாறு இல்லையென்றால், பாராசிட்டமால் போதும். ஆனால் பாராசிட்டமாலோடு டிரமடால் கலந்த மாத்திரையும் கடையில் உண்டு, அதைத் தவிர்க்க வேண்டும். டிரமடாலும் எசிடலோபிராமும் சேர்ந்து, செரோடோனின் என்கிற மூளை ரசாயனம் அளவுக்கு மீறினால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், பதற்றம் எல்லாம் ஒன்றாக வரும், அது அவசர நிலை. இதயத்துக்காக ஆஸ்பிரின் எழுதித் தந்திருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள், அது எசிடலோபிராமின் அளவை உடலில் ஏற்றும். இந்த வயதில் 10 மி.கி.தான் உச்ச வரம்பு என்பதால் அது முக்கியம்.

எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்? முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால், நன்றாக ஆன நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம். முதியவர்களுக்கு ஒரு வருடம் வரை நீட்டுவதுண்டு. முன்பே வந்து போயிருந்தால் இரண்டு வருடமோ அதற்கு மேலோ. அப்புறம்கூட 10, 5 என்று வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் இறக்குவார்கள், கடைசிப் படியில்தான் பலருக்கும் நிதானம் அதிகம் தேவைப்படும். நடுவே ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம், வழக்கமான ஒன்று போதும்.

குறைக்கும் காலத்தில் அம்மா மறுபடி ஒதுங்கி உட்கார்ந்தாலோ, "இருந்து என்ன பயன்" என்கிற மாதிரிப் பேசினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416 இலவசம், எந்நேரமும் கிடைக்கும், தமிழில் பேசலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சீட்டு மட்டும் போதாது. பிபி, வலி, வயிறு, சித்தா எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.