அலுவலகக் கணினியில் புலனக் குழு: 50 ரிங்கிட்டைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் அலுவலக வேலை செய்கிறேன். மகளின் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவை அலுவலகக் கணினியில் திறக்க முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் 50 ரிங்கிட்டுக்கு, தடையைத் தாண்ட உதவும் விபிஎன் மென்பொருளைப் போட்டுத் தருகிறேன் என்கிறார். போடலாமா?
– வாசகி, பினாங்கு

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் கைப்பேசியில், உங்கள் சொந்த டேட்டாவில் ஓய்வு நேரத்தில் பாருங்கள். அலுவலக வைஃபை வேண்டாம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் அலுவலகக் கணினியை இணைக்கவும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பின் இணையப் பக்கமும் வங்கியின் பக்கமும் 443 என்ற எண்ணுள்ள ஒரே வாசல் (போர்ட்) வழியாகத்தான் போய்வருகின்றன. அதை அடைத்தால் அலுவலக வேலையே நின்றுவிடும். ஆகவே ஃபயர்வால், அதாவது அலுவலக இணையத்தின் காவல் அமைப்பு, போகிற தளத்தின் பெயரைப் பார்த்துத் தடுக்கிறது. விபிஎன் அந்தப் பெயரை மறைக்கும். ஆனால் கணினி நிறுவனத்தின் சொத்து. அதில் புதிதாக என்ன ஏறியது என்று தொழில்நுட்பப் பிரிவு பார்த்துவிடலாம். மலேசியாவில் விபிஎன் வைத்திருப்பது குற்றமல்ல. நிறுவன விதியை மீறுவதோ ஒழுங்கீனம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, விசாரணைக்குப் பின் வேலையே போகலாம்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்தத் தெரிந்தவர்தான். இப்படிப் போட்டுத் தருகிறவர்கள் கைப்பேசியை வாங்கி, "இணைக்கிறேன்" என்று கியூஆர் குறியீட்டை வருடிவிடுகிறார்கள். ஒரு கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை இணையலாம். அவருடைய கணினியும் அதில் ஒன்றானால், உங்கள் உரையாடல்களை அவர் வீட்டிலிருந்தே படிப்பார். ஏற்கெனவே கைப்பேசியைக் கொடுத்திருந்தால், இன்றே வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து, தெரியாததை நீக்குங்கள். வாட்ஸ்அப் உங்களுக்கு அனுப்பும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், உறவினரே கேட்டாலும், சொல்லாதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. குழு வேலைக்கானது என்றால், உதாரணமாகச் சரக்கு அனுப்பும் முகவர்களோடு பேசுவது என்றால், அனுமதி கேட்கலாம். மின்னஞ்சலில் கேளுங்கள். மேற்பார்வையாளர் வாய்மொழியாகச் சரி என்றது போதாது; தொழில்நுட்பப் பிரிவின் பதில் எழுத்தில் வர வேண்டும். அதுவும் உங்கள் கணினிக்கு மட்டும்தான். பக்கத்து மேசைக்காரர் கணினிக்குச் செல்லாது. கிடைத்த அனுமதியில் பள்ளிக் குழுவையும் சேர்த்துத் திறந்தால் பழைய சிக்கலுக்கே திரும்புவீர்கள்.

எதைத் தடுத்திருக்கிறோம், யாரிடம் கேட்பது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டப் பல நிறுவனங்களுக்கு மனமில்லை. பள்ளிகளோ எல்லா அறிவிப்பையும் புலனத்தில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. வேலைக்குப் போகும் தாய் நடுவில் திண்டாடுகிறாள். நாளைக்கே வகுப்பாசிரியரிடம் உங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த எண்ணில் அழைக்கச் சொல்லுங்கள்.