சைக்கிளில் கட்டக்கூடிய அளவு

தம்பி, டர்பனுக்கு வந்து ஆறு மாதமாகியும் கொப்பித் தாளைவிடப் பெரிதாக எதையும் வரையக் கை வரவில்லை, கேலரிக்காரரோ பெரிய கன்வாஸில் போர்க் காட்சி கேட்கிறார், என்ன செய்யலாம் என்று எழுதியிருந்தீர்கள்.

சின்னதாகவே வரையுங்கள். ஓடிவந்த கைக்கு அந்த அளவு தானாக வந்ததுதான்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. இரவில் ஜாம் போத்தல் விளக்கில்தான் வரைவேன். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் தாளோடு தாளாக மறைந்துவிடும். காணாதென்று மேலும் மேலும் பூசி, விடியப் பார்த்தால் வரைந்த முகத்துக்கெல்லாம் மஞ்சள் காமாலை! வர்ணம் தீர்ந்தபிறகு ஊமல் கரிதான், காய்ந்த பனங்கொட்டையைச் சுட்ட கரி. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, ஊரே கிழக்கே தென்மராட்சிக்குக் கிளம்பியபோது இரண்டு படங்களைச் சுருட்டிச் சைக்கிள் பாரில் கட்டினேன். நல்ல மழை. நாவற்குழிப் பாலம் தாண்டவே விடிந்துவிட்டது. விரித்தால் ஒன்றின் நிறம் மற்றதில் ஒட்டிக் கிடந்தது. அதன்பிறகு பல வருடம், பொலித்தீன் பைக்குள் அடங்காத எதையும் நான் தொடங்கவில்லை.

போர் என்றால் துவக்கும் இரத்தமும் வேண்டும் என்பது கேட்பவர்களின் ஆசை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓவியர் சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களை வைத்தே ஒரு படைப்புச் செய்து 2011இல் வெளியிட்டார். கோடுகள்தான். பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தத் தென்னாப்பிரிக்காவுக்கும் இடம்பெயர்வு புதிதில்லை. கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை நிறவெறி அரசு 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவித்து, ஏறக்குறைய 60,000 பேரை அகற்றியது. அங்குள்ள அருங்காட்சியகத்தின் தரையில் பழைய தெருக்களின் வரைபடம் விரிந்திருக்கிறது. இருந்தவர்கள் தங்கள் இடத்தில் தாங்களே பெயர் எழுதியிருக்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் கரியால் வரைந்து, அழித்து, அதே தாளில் மறுபடி வரைந்து படம்பிடிப்பார். அழித்த தடம் போகாது. கிடைத்தால் கட்டாயம் பாருங்கள், நம் ஊமல் கரி ஞாபகம் வரும்.

அப்புறம், டர்பன் ஈரக்காற்றில் தாளைப் பிளாஸ்டிக்கில் மூடி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

இங்கே டர்பனின் சாட்ஸ்வர்த்தில் என் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். இதே நகரின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து இந்தியர்களைக் கிளப்பியபோது அவர் சின்னப் பெண். தமிழ் நாலு வார்த்தைதான் மிச்சம். தேத்தண்ணீர் குடிக்கும்போது, மேசையில் சிந்திய துளியை விரலால் இழுத்துப் பழைய வீட்டையும் மாமரத்தையும் காட்டுவார். காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அறிமுகம் செய்கிறேன். கரி கொண்டுவந்தால் போதும். தாள் என்னிடம் இருக்கிறது, பெரிசும் சிறிசுமாக.