வீட்டுக்கு வரும் தண்ணீர் மெயின் லைன் கசிகிறது. கிளாம்ப் போட்டால் போதுமா, முழுவதும் மாற்ற வேண்டுமா?

மாற்றிவிடுங்கள். கசிகிற இடம் சாக்கடைக்குப் பக்கத்தில் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

உங்களுடையது பழைய வீடு, தெருவிலிருந்து சம்ப்புக்கு, அதாவது தரைக்கடித் தொட்டிக்கு, வருவது அரை இஞ்ச் ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்பு), தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் விடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு நிலைமை அதுதான். எந்நேரமும் தண்ணீர் வரும் ஊர் என்றால் நான் சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

கசிவு என்றாலே எல்லோரும் வீணாகும் தண்ணீரைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். "சொட்டுச் சொட்டாத்தானே போகுது, போகட்டும்" என்பார்கள். தண்ணீர் விடும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்கும், ஓட்டை வழியாக வெளியே வரும். சரி. நிறுத்திய பிறகு? லைனில் மிச்சமிருக்கும் தண்ணீர் தாழ்வான பக்கம் இறங்கும்போது அதே ஓட்டை உள்ளே இழுக்கும். சுற்றிலும் சாக்கடை ஊறிய மண் என்றால் அந்தத் தண்ணீர்தான் குழாய்க்குள் போகும். தெருவில் யாராவது லைனிலேயே நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம்.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பானிபூரிக் கடையைத்தான் திட்டினார்கள். டாக்டர் முதலில் கேட்டது வீட்டுத் தண்ணீரைப் பற்றி. இந்தக் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ கிருமி உள்ளே போய் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் நோயைக் காட்டுமாம். கண் மஞ்சளாகும் நேரத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்ததே யாருக்கும் நினைவிருக்காது. அதனால்தான் குழாய் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வேப்பிலை அடிப்பது, கீழாநெல்லி அரைப்பது எல்லாம் நடக்கும், ஓட்டை அப்படியே இருக்கும்.

எங்கள் அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வந்ததும் முதல் இரண்டு குடத்தைச் செடிக்கு ஊற்றிவிடுவார். "மொதத் தண்ணி நாறுது கண்ணு" என்பார். டாக்டர் கேட்ட பிறகுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. நீங்களும் இதைச் செய்து பாருங்கள். தண்ணீர் வந்தவுடன் ஒரு பாட்டில், பத்து நிமிடம் கழித்து ஒரு பாட்டில் என்று தனித்தனியாகப் பிடியுங்கள். முதலாவது மட்டும் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருந்தால், தண்ணீர் நின்றிருந்த நேரத்தில் ஏதோ உள்ளே புகுந்திருக்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்க எச்2எஸ் குப்பி என்று ஒன்றும் கிடைக்கிறது. தண்ணீரை ஊற்றி வைத்தால், கிருமி இருக்கும்பட்சத்தில் ஓரிரு நாளில் கறுத்துவிடும். எங்கள் வீட்டு முதல் தண்ணீர் கறுத்தது.

அப்போது வந்த பிளம்பர், "ஒரு கிளாம்ப் போட்டு, சைக்கிள் டியூப்பைக் கிழிச்சுச் சுத்திடலாங்க, அஞ்சு வருஷம் தாங்கும்" என்றார். எல்லாப் பிளம்பர்களையும் நான் குறை சொல்லவில்லை, கோபித்துக்கொண்டு பின்னூட்டம் போடாதீர்கள். வீட்டுக்காரர் செலவுக்குப் பயப்படுவார் என்று அவராகவே நினைத்துக்கொண்டு சொன்னதுதான். முழுசாகத் தோண்டச் சொன்னேன். வெளியே எடுத்த குழாயை வெட்டிப் பார்த்தால் உள்ளே துரு படிந்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. தோண்டும்வரை எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கசிவு. வெளியே வந்த குழாயில் அதுபோலப் பல இடங்கள் அரித்துப்போய், விரலால் அழுத்தினாலே உதிர்ந்தன. ஜி.ஐ. மேலே பூசிய துத்தநாகம் போய்விட்டால் அது வெறும் இரும்புதான். ஒரு இடத்தை அடைத்தால் பக்கத்து இடம் காத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் ரோடு வெட்ட மாநகராட்சிக்குப் பணம், பள்ளம் எடுக்கக் கூலி. இதில் குழாயின் விலைதான் சின்னச் செலவு.

தோண்டும்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. அப்பா குழாய் பதித்த ஆழத்துக்கு மேல் தார் அடுக்கடுக்காக ஏறியிருந்தது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலரே அறிவுறுத்தினார். எங்கள் தெருவில் யார் சுரண்டினார்கள்? படியேறிப் போன வீட்டுக்கு இப்போது இறங்கிப் போகிறோம். மழை வந்தால் சாக்கடை வாசலுக்கு வருகிறது, வயதான அம்மா அதைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் இதைச் சொல்லாமல் என்னால் விட முடியவில்லை.

சரி, குழாய்க்கு வருகிறேன். நான் போட்டது ஹெச்.டி.பி.இ. என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய். சுருளாக வருவதால் தெருவிலிருந்து சம்ப்புவரை நடுவில் இணைப்பே இல்லாமல் போடலாம். மண்ணுக்குள் கசிவது பெரும்பாலும் இணைப்புகளில்தான். குழாயின் மேல் ஐ.எஸ். 4984 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். சி.பி.வி.சி. என்ற விறைப்பான பிளாஸ்டிக் குழாய் மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை, சுவருக்குள் அது நன்றாகவே இருக்கும். சாக்கடையைக் கடக்கும் இடத்தில் குழாய் சாக்கடைக்கு மேலாகப் போக வேண்டும், அதையும் ஒரு பெரிய குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோக வேண்டும். மத்திய அரசின் குடிநீர்க் கையேடு தெருக் குழாய்களுக்கே சாக்கடையிலிருந்து 3 மீட்டர் இடைவெளி கேட்கிறது. நம் சந்துகளில் அதற்கு எங்கே போவது! முடிந்த அளவு தள்ளிப் போடுங்கள். தெரு மெயினில் நம் குழாயை இணைக்கும் பெர்ரூல் என்ற பித்தளைத் துண்டை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள், மாநகராட்சியில் எழுதிக் கொடுத்து அவர்கள் ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

"ஆர்.ஓ. இருக்கிறதே, எதற்கு இவ்வளவு?" என்று யாராவது கேட்பீர்கள். பல் தேய்ப்பது, கீரை அலசுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் ஆர்.ஓ. தண்ணீரிலா? "காசு இருப்பவர் பேச்சு" என்றும் சொல்லலாம். மகளின் ஆஸ்பத்திரிச் செலவோடு ஒப்பிட்டுத்தான் நான் முடிவெடுத்தேன். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் அந்த முதல் பாட்டிலைக் காட்டுங்கள், வாய்ப்பேச்சைவிட அது வேலை செய்யும்.

தண்ணீர் விடும் நாள் வரும்வரை பள்ளத்தை மூட விடாதீர்கள். முழு அழுத்தத்தில் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துப் பாருங்கள், ஈரம் மறுபடி வந்தால் அங்கேயே பிடித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிளம்பர் அவசரப்படுவார், கூலியில் ஒரு பகுதியை அதுவரை நிறுத்தி வையுங்கள். சம்ப்பைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகு புதுத் தண்ணீரைப் பிடியுங்கள். மூடுவதற்கு முன் டேப்பை நீட்டி வைத்து, சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் புதைக்க வருகிறவர்களிடம் காட்ட அது உதவும்.