யூதர் அல்லாத ஒருவர் ஜெப ஆலயத்தில் சபத் நாளை முழுதாகக் கழிக்க முடியுமா? எப்படி இருக்கும்?

முடியும். நான் ஒரு முறை கழித்திருக்கிறேன். சபத் என்பது யூதர்களின் வாராந்திர ஓய்வு நாள், வெள்ளி சாயங்காலம் தொடங்கிச் சனி இரவு முடியும்.

நியூஜெர்சியில் எடிசனுக்குப் பக்கத்து ஊர் ஹைலண்ட் பார்க். எடிசன் பக்கம் நம் ஆட்கள் நிறைய என்றால், இங்கே ஆச்சாரமான யூதக் குடும்பங்கள் நிறைய. கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அங்கே இருக்கிறார். "ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்தால் ஒன்றும் புரியாது, வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து என் வீட்டில் தங்கிவிடு" என்றார்.

நவம்பர் மாதம். சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது விளக்கேற்றிவிட வேண்டும். அன்றைக்கு அது 4.20 மணிக்கே வந்துவிட்டது. அப்புறம் மறுநாள் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிற வரை தீ மூட்டுவது, ஸ்விட்ச் போடுவது, எழுதுவது, கார் ஓட்டுவது, காசைத் தொடுவது எதுவும் கிடையாது. விலக்க வேண்டிய வேலைகள் 39 வகை என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு கணக்கே வைத்திருக்கிறது. எனக்கு இதெல்லாம் பொருந்தாதுதான். இருந்தாலும் நண்பர் தன் போனை டிராயரில் வைத்தபோது என்னுடையதையும் உள்ளே போட்டுவிட்டேன்.

ஆலய வாசலில் துப்பாக்கியோடு காவலாளி நின்றார். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க்கில் ஒருவன் ஜெப ஆலயத்துக்குள் புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றதும் ஒரு சபத் காலையில்தான். அதனால் நீங்கள் போவதானால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். யார், என்ன என்று கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளி இரவு வழிபாட்டில் 'லெகா தோதி' என்று ஒரு பாட்டு. 16ஆம் நூற்றாண்டில் இன்றைய இஸ்ரேலில் இருக்கும் சஃபேத் ஊரில் ஷ்லோமோ அல்கபெட்ஸ் எழுதியது. கடைசிச் சரணம் வந்ததும் கூட்டம் மொத்தமும் வாசல் பக்கம் திரும்பிக் குனிந்தது. யாரோ பெரிய மனிதர் வருகிறார் போல என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. வருவது சபத்தாம். அதை மணப்பெண்ணாக நினைத்து வரவேற்கிறார்கள்.

சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் வழிபாடு, எல்லாம் எபிரேயத்தில். நடுவில் கொஞ்சம் அலுப்புத் தட்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர்கள் வேதமான தோராவின் சுருளை வெளியே எடுத்ததும் அலுப்பு போய்விட்டது. வெல்வெட் உறை போட்டுத் தோளில் சாய்த்துச் சுற்றி வருகிறார்கள். போர்த்தியிருக்கும் சால்வையின் நுனியால் அதைத் தொட்டு முத்தமிடுகிறார்கள். சாமி புறப்பாடு பார்த்து வளர்ந்தவன் இல்லையா, என் கை தானாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

அன்று தோராவிலிருந்து வாசித்த பகுதி, சாராள் இறந்தபின் ஆபிரகாம் மக்பேலா குகையை 400 வெள்ளிச் சேக்கலுக்கு வாங்கும் கதை. "உனக்கும் எனக்கும் நடுவே அது என்ன பெரிய தொகை" என்று குகைக்குச் சொந்தக்காரன் எப்ரோன் நைசாக விலையைச் சொல்கிறானே, அது மரியாதையா, வியாபாரமா? சாப்பாட்டு மேசையில் இந்தச் சண்டை ஒரு மணி நேரம் ஓடியது. மூவாயிரம் வருடக் கதை என்ற நினைப்பே யாருக்கும் இல்லை, போன வாரம் தெருவில் நடந்த மனை பேரம் மாதிரி பேசினார்கள்.

அன்று எல்லோருக்கும் ஆலயத்து ஹாலிலேயே சாப்பாடு. ரொட்டிக்கு முன் கை கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேர் கேட்டேன். "ம்ம்" என்று மட்டும் சொல்லிக் கையை ஆட்டினார். ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று கூசிப் போனேன். கை கழுவியதிலிருந்து ரொட்டியை வாயில் போடும் வரை பேசக் கூடாதாம். போட்டபின் அவர் பேச்சை நிறுத்தவே இல்லை.

சமைக்கக் கூடாது என்பதால் சோலண்ட் என்ற குழம்பை வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏற்றி, மறுநாள் மதியம் வரை சிறு சூட்டில் வேகவிடுகிறார்கள். மாட்டிறைச்சி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, உருளைக்கிழங்கைத் துருவி அவனில் சுட்ட கூகல் என்ற பண்டம் போதுமானதாக இருந்தது. இறைச்சிச் சாப்பாட்டுக்குப் பின் பால் காபி மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இறைச்சியையும் பாலையும் அவர்கள் சேர்ப்பதில்லை, கிடைக்காது.

அப்புறம்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கழிவறையிலிருந்து வெளியே வரும்போது பழக்கதோஷத்தில் லைட்டை அணைத்துவிட்டேன். ஒரு சிறுவன் "ஐயோ" என்று கத்தினான். அவர்கள் யாரும் போட முடியாது. போடச் சொல்லி என்னிடம் கேட்கவும் தயங்கினார்கள். பெரியவர் மட்டும், "உள்ளே இருட்டாக இருக்கிறதே, உனக்கு மறுபடியும் போக வேண்டியிருக்குமோ?" என்றார். எனக்கு அவசியமே இல்லை, ஆனாலும் போனேன். யூதர் அல்லாதவர் தனக்காக ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தை யூதரும் பயன்படுத்தலாம் என்று மிஷ்னாவிலேயே இருக்கிறதாம்.

நேரம் போனதே தெரியவில்லை என்று சொன்னால் பொய். நேரம் நன்றாகத் தெரிந்தது, ஆனால் யாருக்கும் போக வேறு இடம் இல்லை. கார் இல்லை, போன் இல்லை, கடைகண்ணி இல்லை; எல்லோரும் நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பவர்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதைத் தவிர வழியில்லை. இரவல் அட்டையில்லாத நூலகம் மாதிரி, அங்கேயே உட்கார்ந்துதான் படித்தாக வேண்டும்.

இருட்டிய பிறகு ஹவ்தாலா, அதாவது சபத்தை வழியனுப்பும் சடங்கு. ஒயின், பின்னல் மெழுகுவர்த்தி, முகர்ந்து பார்க்கக் கிராம்பு. திரியை ஒயினில் அமிழ்த்தி அணைத்ததும் சபத் முடிந்தது. நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். பெரியவர் எங்கிருந்தோ ஒரு பேனாவோடு வேகமாக வந்தார்.

"காலையிலிருந்து காத்திருக்கிறேன். இப்போது எழுதலாம், உன் நம்பரைச் சொல்."