பேகனை எந்த நூற்றாண்டில் குடிவைப்பது?

(வாசகர் கேள்விகளுக்குப் பண்ணைக்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் பதில் எழுதும் பகுதி)

கேள்வி: எனக்குப் பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி. மயிலுக்குப் போர்வை தந்த பேகனை நாயகனாக வைத்துச் சரித்திர நாவல் ஒன்று எழுதிவருகிறேன். நாற்பது பக்கம் ஆகிவிட்டது. அவன் காலம் எது என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வருகிறது. நண்பர் ஒருவர் அசோகர் காலம் என்கிறார். இன்னொருவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்கிறார். என் மாமாவோ, "ராஜராஜ சோழனோடு சேர்த்துவிடு, அப்போதுதான் விற்கும்" என்கிறார். முதல் அத்தியாயத்தையும் இணைத்திருக்கிறேன். எந்தக் காலத்தில் வைத்தால் நம்பும்படி இருக்கும்?

பதில்: மாமாவை முதலில் வழியனுப்பிவிடுவோம். ராஜராஜன் பட்டமேறியது கி.பி. 985. அதற்குள் பேகன் தாத்தாவுக்குத் தாத்தா சொன்ன கதையாகியிருப்பான். தஞ்சைப் படையில் அவனைக் குதிரையேற்றினால், புத்தகம் விற்கலாம். ஆனால் பழனிப் பேருந்து நிலையத்தில் யாராவது உங்களை நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அவர்களில் நானும் ஒருத்தியாக இருப்பேன்.

தம்பி, நீங்கள் ஆண்டைத் தேடுகிறீர்கள். அது கிடைக்காது. பேகன் கல்லில் பெயர் வெட்டிவைத்தவனில்லை. அவனைச் சுற்றி நின்ற ஆட்களைத் தேடுங்கள். புறநானூற்றில் 141 முதல் 147 வரை ஏழு பாட்டு அவனைப் பற்றியவை. பாடியவர்கள் நால்வர்: பரணர், கபிலர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார். இந்த நால்வரும் சேர மன்னர்களையும் பாடியவர்கள். பதிற்றுப்பத்தில் பரணர் செங்குட்டுவனையும், கபிலர் செல்வக் கடுங்கோ வாழியாதனையும், அரிசில்கிழார் பெருஞ்சேரல் இரும்பொறையையும், பெருங்குன்றூர்கிழார் இளஞ்சேரல் இரும்பொறையையும் பாடினார்கள். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் கிடைத்தால் மாப்பிள்ளையின் வயதை ஊகித்துவிடலாம் அல்லவா, அப்படித்தான் இதுவும்.

கல்யாணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பேகனின் ஆவியர் குடி சேரர்களுக்குப் பெண் கொடுத்த குடி. 'வேளாவிக் கோமான் பதுமன்' மகள் பெற்ற பிள்ளைகளாகச் சில சேர மன்னர்களைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் சொல்கின்றன. உங்கள் அத்தியாயத்தில் பேகன் யாருமற்ற காட்டரசனாக நிற்கிறான். அவன் அரண்மனை உறவினர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் வீடு. கருவூரிலிருந்து மாமன் மச்சான் வந்துபோகட்டும். கதைக்குச் சண்டையும் தானாக வரும்.

சேரர்களைப் பிடித்துவிட்டால் கல் பேசத் தொடங்கும். கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையை வரிசையாகச் சொல்லி, இளங்கடுங்கோ இளவரசனானபோது சமணத் துறவி ஒருவருக்கு வெட்டிக் கொடுத்த உறைவிடம் அது என்கிறது. எழுத்தை வைத்து அதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறார்கள். இன்னொரு பக்கம், பரணர் பாடிய செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு வந்திருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்துக் கஜபாகுவும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்காரன். இந்த முடிச்சை நம்பாத அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரை எழுதினால் நானும் தயங்குவேன். நாவலுக்கு இது தாராளம்.

உங்கள் அசோகர் நண்பர் எங்கே வழுக்கினார் என்பதும் எனக்குத் தெரிகிறது. அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சதியபுத்திரர்' வருகிறார்கள். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' (பாளி என்றால் துறவியர் தங்கும் குகை). ஆக சதியபுத்திரர் என்பவர்கள் நம் அதியமான்கள். அதியமான் அஞ்சி திருக்கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்று ஔவையார் சொல்கிறார். பரணர் பேகனையும் பாடினார். ஆகவே பேகன் அசோகர் காலம் என்று நண்பர் கணக்குப் போட்டிருப்பார். குலப்பெயர் முன்னூறு ஆண்டு ஓடும், ஆள் ஓடமாட்டான். ஜம்பைக் கல்வெட்டின் எழுத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டு என்று கணித்தவர் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். அது இன்னும் பழையது என்பவர்களும் உண்டு.

என் தீர்ப்பு: கி.பி. 100க்கும் 180க்கும் நடுவே ஒரு தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தபின் அதற்குக் கட்டுப்படுங்கள், அடுப்படி வரைக்கும்.

அடுப்படியைச் சும்மா சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மாத இதழில் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். சங்ககால அரசி ஒருத்தி கோபத்தில் பச்சை மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணீரை மறைப்பாள். அந்த இடத்தை எழுதிவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன். அடுத்த வாரம் ஓர் அஞ்சலட்டை வந்தது: "அம்மா, அரசிக்கு மிளகாய் கொடுத்தது வாஸ்கோ ட காமாவா?" மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் 1498இல் வந்த பிறகுதான் அது நம் அம்மியைப் பார்த்தது. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்கள் அத்தியாயத்தில் பேகன் ஆயக்குடித் தோப்பில் கொய்யா பறித்துத் தின்கிறான். ஊர்ப்பாசம் புரிகிறது. கொய்யாவும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, தக்காளி, புகையிலை எல்லாம் அந்தக் கப்பல் சரக்கே. காப்பியும் தைல மரமும் வேறு வழியாக, பிற்காலத்தில் வந்தவை. பேகன் சாப்பிடத் தினை, சாமை, மூங்கிலரிசி, பலா, மா, வாழை, தேன், கிழங்கு போதாதா? காரத்துக்கு மிளகு இருக்கிறது. அதுவும் இந்த மலைச் சரக்கு. ரோமாபுரிக்காரன் பொன் கொடுத்து வாங்கிப்போனது.

அடுத்தது நெல். 'காட்டு மக்களுக்கு நெல் விதைக்கக் கற்றுக்கொடுத்த முதல் மன்னன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு விடுமுறை நாளில் பொருந்தலுக்குப் போய்வாருங்கள், உங்கள் ஊரிலிருந்து எட்டிவிடும் தூரம். அங்கே புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஓர் ஈமக்குழியில் நான்கு கால் வைத்த சாடி கிடைத்தது. உள்ளே சுமார் இரண்டு கிலோ நெல். கரிமக் காலக்கணிப்பு கி.மு. 490 என்றது. செத்தவருக்கு வழித்துணையாக ஒரு சாடி நெல் வைக்கிற ஊர், பேகனுக்கு அறுநூறு ஆண்டு முன்பே அங்கே இருந்திருக்கிறது. 'வய்ர' என்று எழுத்துப் பொறித்த பிரிமனையும் (பானையைத் தாங்கும் வளையம்) குவியல் குவியலாகக் கண்ணாடி மணிகளும் அங்கே கிடைத்தன. உங்கள் நாயகன் இலையுடுத்திய கூட்டத்துக்குத் தலைவனில்லை. மணி உருக்கும் உலையின் புகை எழுந்த, எழுத்தறிந்த நாட்டுக்கு வேள். அகநானூறு அவன் குடியின் ஊரைப் 'பொன்னுடை நெடுநகர்ப் பொதினி' என்கிறது. நாவலிலும் பொதினி என்றே எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆவினன்குடி. மலையுச்சிக் கோயில் மணியோசையை எடுத்துவிடுங்கள். கருங்கல்லில் கோயில் எழுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் பல்லவர் காலத்தில்தான் தொடங்குகிறது.

இனி மயில். கொடைக்கானல் ஏரிக்கரை மூடுபனியில் மயில் நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏரி 1863இல் வெட்டப்பட்டது; போகட்டும். ஏழாயிரம் அடி உயரம் மயிலுக்குப் பழகிய இடமில்லை. அடிவாரத்து முள்காடும் வரப்பும்தான் அதன் வீடு. போன மார்கழியில் பழனிக்குப் போகும் வழியில் பாலாறு அணைப் பக்கம் ஒன்றைப் பார்த்தேன். விடிகாலை, பாறைமேல் நின்றது. ஆணுக்கு இணைகூடும் பருவம் முடிந்ததும் தோகை உதிர்ந்துவிடும். மார்கழியில் பாதிதான் வளர்ந்திருக்கும். நனைந்த கழுத்தை உள்ளே இழுத்து, இறகைச் சிலிர்த்து, ஒற்றைக் காலில், சாயம் போன பழைய பட்டுப்புடவை மாதிரி நின்றது. கம்பீரம் கொஞ்சமும் இல்லை. போர்த்திவிடத் தோன்றினால் அப்படிப்பட்ட மயிலைப் பார்த்துத்தான் தோன்றும். காலண்டர் மயிலைப் பார்த்தால் கைதட்டத் தோன்றும். விரித்த தோகையோடு ஆடுகிற மயில்தான் வேண்டும் என்றால் காட்சியை வைகாசி மழைக்கு மாற்றுங்கள்.

போர்வை 'காஷ்மீரக் கம்பளி' என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாட்டில் உள்ள சொல் 'படாம்', சிறுபாணாற்றுப்படையில் 'கலிங்கம்'. இரண்டும் துணி. பருத்தியோ பட்டோ, உங்கள் விருப்பம். கொங்கு நாட்டுக் கொடுமணலில் நூல் நூற்ற தக்களிகள் கிடைத்திருக்கின்றன. உள்ளூர்த் துணியாகவே இருக்கட்டும்.

இவ்வளவும் திருத்தங்கள். நாவல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்த ஏழு பாட்டில் ஐந்தில் இருக்கிறது. நீங்கள் அதைத் தொடவே இல்லை. பேகனின் மனைவி பெயர் கண்ணகி. (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு. முன்னுரையில் ஒரு வரி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மதுரை எரியவில்லையே என்று கடிதம் வரும்.) அவளை விட்டுவிட்டு அவன் வேறொருத்தியிடம் போய்விடுகிறான். புலவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்கிறார்கள். உன் மலையைப் பாடி வாசலில் நின்றோம், ஒருத்தி குழல் அழுவதுபோல் அழுதாள், அவள் யார் என்கிறார் கபிலர். நாங்கள் பசித்து வரவில்லை, சுமக்கக் குடும்பமும் இல்லை, இன்றிரவு தேரேறிப்போய் அவள் துன்பத்தைத் தீர், அதுதான் நாங்கள் கேட்கும் பரிசில் என்கிறார் பரணர். மற்ற இருவரும் எண்ணெயும் பூவும் காணாத அவள் கூந்தலைப் பேசுகிறார்கள். மயில் நடுங்குமே என்று துணி கொடுத்தவனுக்கு வீட்டுக்குள் ஒருத்தி நடுங்குவது தெரியவில்லை. நான்கு புலவர்கள் பரிசிலை மறுத்து ஒரு பெண்ணுக்காக வழக்காடியிருக்கிறார்கள். நீங்கள் நாற்பது பக்கம் கொய்யாத் தோப்பில் சுற்றியிருக்கிறீர்கள்.

அத்தியாயத்தை நீங்கள் வைத்திருந்த உறையிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். கொய்யா வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். பதினொன்று.

கேள்வி: குன்னூரில் என் பாட்டி சொன்ன மலையரசன் கதையைக் குறுநாவலாக எழுத ஆசை. கதையில் தோடர் எருமைகள், ஒரு கோட்டை, ஒரு பீரங்கி வருகின்றன. சுட்ட உருளைக்கிழங்கும் வருகிறது. எந்தக் காலம் வைக்கலாம்?

பதில்: பாட்டி நான்கு காலத்தை ஒரே தட்டில் பரிமாறியிருக்கிறார். பாட்டிகளுக்கு அந்த உரிமை உண்டு, உங்களுக்கு இல்லை. நீலகிரி பற்றிய பழைய எழுத்துச் சான்று கி.பி. 1117. ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்ததாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. எருமைகளையும் கோட்டையையும் வைத்துக்கொள்ள அந்தக் காலம் நன்றாக இருக்கும். பீரங்கியை விட்டுவிட வேண்டும். பீரங்கி இல்லாமல் கதை நகராது என்றால் ஐதர், திப்பு காலத்து மைசூருக்கு வாருங்கள். 1799க்குள் முடித்துவிடுங்கள், அதன்பின் மலை ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. உருளைக்கிழங்கு எந்த வழியிலும் நுழையாது. கோவை ஆட்சியராக இருந்த ஆங்கிலேயர் சல்லிவன் 1819இல் மேலே ஏறிய பிறகுதான் அந்தச் சீமைக் காய்கறிகளெல்லாம் நீலகிரி மண்ணில் இறங்கின. அரசனுக்குத் தேனும் சாமைக் கஞ்சியும் கொடுங்கள்.

கேள்வி: அத்தியாயத் தலைப்பில் 'கி.பி. 143, தை மாதம்' என்று போடலாமா? (வத்தலக்குண்டு வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. தை மாதம் மட்டும் போடுங்கள்.