பழைய பைக்குக்கு எஃப்ஐ மாற்றலாமா?

மன்னார்குடிப் பக்கம் கிராமம், 2012 மாடல் 100 சிசி பைக், மழைக்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். இன்ஜெக்டரை மட்டும் மாட்டினால் வேலை முடிந்துவிடாது. டேங்குக்குள் பெட்ரோல் பம்ப், காற்றை அளவாக விடும் த்ராட்டில் பாடி, சென்சார்கள், எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினியான ஈசியூ, புது வயரிங் எல்லாம் வேண்டும். இந்த வண்டிக்குக் கட்டுப்படியாகாது.

எனக்குச் சந்தேகம் தண்ணீர் மேல்தான். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால்; அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டி வெளியே நின்றால் டேங்க் மூடி வழியாகவும் நீர் இறங்கும். இன்ஜின் ஆறியதும் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தின் டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள் (பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது). அடியில் முத்து முத்தாக உருண்டால் தண்ணீர்தான். அப்புறம் பைலட் ஜெட்டை (ஐடிலில் பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள பாகம்) கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கம்பி விட்டுக் குத்த விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

வண்டியையே மாற்றுவதென்றால் சரி, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி பாருங்கள், பெரும்பாலும் எஃப்ஐதான். ஈரக் காலையிலும் சட்டென்று பிடிக்கும். பேட்டரியை மட்டும் கவனியுங்கள். அது அடியோடு படுத்துவிட்டால் கிக்கரை எவ்வளவு உதைத்தாலும் பம்ப் ஓடுவது சந்தேகம்.