மான், கோடி, பில்லியன்: பெரிய எண்கள் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கே: ஓசாகாவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் '30 மான்' என்றார்கள், சீட்டில் 300,000 யென் என்று இருக்கிறது. எது சரி?

ப: இரண்டும் ஒன்றுதான். ஜப்பானியருக்கு ஆயிரத்துக்கு அடுத்த படி பத்தாயிரம், அதுதான் மான். பத்தாயிரம் மான் ஒரு ஓகு, நம் கணக்கில் பத்துக் கோடி. பத்தாயிரம் ஓகு ஒரு சோ, அதாவது லட்சம் கோடி. வாய் நான்கு நான்கு இலக்கமாக எண்ணுகிறது, கை மட்டும் மேற்கத்திய வழக்கப்படி மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி போடுகிறது. 120,000,000 என்று எழுதிவிட்டு 'ஒரு ஓகு இரண்டாயிரம் மான்' என்று படிப்பார்கள். காற்புள்ளி அங்கே கண்ணுக்கு உதவவே உதவாது! நமக்குச் சுலப வழி: மானைப் பத்தால் வகுத்தால் லட்சம், ஓகுவைப் பத்தால் பெருக்கினால் கோடி. உங்கள் சம்பளம் மூன்று லட்சம் யென்.

கே: சீனாவிலும் இப்படித்தானா?

ப: அதே நான்கு இலக்கம்தான். பத்தாயிரம் அங்கே வான், பத்துக் கோடி யீ. அதற்கு மேல் போனால் 'வான் யீ' என்று இரண்டையும் ஒட்டிவிடுவார்கள், நாம் பட்ஜெட்டில் லட்சம் கோடி என்பதைப்போல.

கே: ஜெர்மனியில் வீட்டு வாடகை 1.250 யூரோ என்று விளம்பரம். ஒன்றேகால் யூரோவா?

ப: அவ்வளவு மலிவாகக் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்க, காற்புள்ளி தசமத்துக்கு. ஒன்றேகால் என்றால் 1,25. இந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் 1948-லேயே எடை, அளவைகளுக்கான சர்வதேச மாநாடு மூன்று இலக்கத்துக்கு ஒரு இடைவெளி மட்டும் விடச் சொன்னது. கடைக்காரர்கள் கேட்கவா போகிறார்கள்?

கே: யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறேன். எங்கள் பத்திரிகைகள் பில்லியன் ரூபா என்றே எழுதுகின்றன. அதைக் கோடியாக்குவது எப்படி?

ப: மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி, ட்ரில்லியன் லட்சம் கோடி. பழைய பிரிட்டிஷ் நூல்களில் மட்டும் எச்சரிக்கை: அங்கே பில்லியன் என்பதே லட்சம் கோடியாக இருக்கலாம். அரசுக் கணக்கில் அது நூறு கோடிதான் என்று பிரதமர் ஹரோல்ட் வில்சன் 1974-இல் அறிவித்தார். ஜெர்மன் மொழியில் பழைய பொருள் இன்றும் நிற்கிறது, நூறு கோடிக்கு அவர்கள் சொல்வது மில்லியார்டெ.

கே: எக்செல்லில் 1,00,000 என்று வரவழைப்பது எப்படி?

ப: விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அப்புறம் அடிஷனல் செட்டிங்ஸ். அங்கே டிஜிட் குரூப்பிங்கில் 12,34,56,789 என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் இது உங்கள் கணினிக்கு மட்டும். அதே கோப்பை லண்டனுக்கு அனுப்பினால் அங்கே 100,000 என்றுதான் தெரியும்.